2014 வேகன்ஆர், 74,000 கி.மீ., கேட்பது 2.60 லட்சம்: வாங்கலாமா? மாதம் எவ்வளவு செலவு வரும்?

குற்றாலச்சாரல்:

வணக்கம். கார் விஷயத்துக்கு நான் முழுக்கப் புதிது. இதுவரை பைக் மட்டும்தான்.

ஜனவரியிலிருந்து அப்பாவுக்கு வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். பழகிய டாக்டர் திருநெல்வேலியில் இருப்பதால் அங்கேயே போய் வருகிறோம். தென்காசியிலிருந்து போக 55 கி.மீ., வர 55 கி.மீ. முதல் இரண்டு வாரம் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன். திரும்பும்போது அவரால் உட்காரவே முடியவில்லை. ஆலங்குளம் தாண்டுவதற்குள் இரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டார். அதிலிருந்து வாடகைக் கார்தான். காத்திருப்பு சேர்த்து ஒரு நடைக்கு 1,900 ரூபாய். மாதம் ஒன்பது நடை, 17,000 தாண்டிவிடுகிறது. என் சம்பளம் 31,000.

பாவூர்சத்திரத்தில் ஒரு புரோக்கரிடம் வேகன்ஆர் ஒன்று நிற்கிறது. 2014 மார்ச், பெட்ரோல், எல்எக்ஸ்ஐ என்ற ரகம், வெள்ளை நிறம், தூத்துக்குடி பதிவு (டிஎன் 69). இரண்டாவது ஓனர். மீட்டரில் 74,000. நான்கு டயரும் புதிது. ஓட்டிப் பார்த்தேன், ஏசி நன்றாகக் குளிர்கிறது. சிக்னலில் நிற்கும்போது மட்டும் ஸ்டியரிங்கில் லேசாக ஓர் அதிர்வு தெரிகிறது. 2.60 லட்சம் சொல்கிறார், 2.50க்கு வருவார் போலிருக்கிறது.

கையில் ஒன்றரை லட்சம் இருக்கிறது. மீதிக்கு அம்மாவின் சங்கிலியை அடகு வைக்க வேண்டும். அதனால்தான் பயமாக இருக்கிறது. பதினோரு வருஷ வண்டி நடுவழியில் நிற்காமல் ஓடுமா? பெட்ரோல் போக மாதம் எவ்வளவு ஒதுக்கி வைக்க வேண்டும்? வாங்கிவிட்டு, பிறகு மெக்கானிக்குக்குக் கொடுத்தே தீர்ந்துபோகுமோ என்றுதான் யோசனை.


கணக்குநோட்டு:

தம்பி, அப்பா சீக்கிரம் தேறி வரட்டும். நானும் அதே எஞ்சின் வைத்த 2013 வேகன்ஆர்தான் ஓட்டுகிறேன். 2018இல் 41,000 கி.மீ.யில் வாங்கினேன், இன்று 1,12,000. வாங்கிய நாளிலிருந்து பல்பு மாற்றியது வரை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் பதிவைப் படித்ததும் நேற்று ராத்திரி உட்கார்ந்து எல்லாவற்றையும் கூட்டினேன்.

ஏழு வருஷம், 71,000 கி.மீ. பெட்ரோலைத் தவிர்த்து மொத்தம் 1,25,000 ரூபாய் ஆகியிருக்கிறது. அதில் பெரிய பங்கு இரண்டுதான். வருஷா வருஷம் செய்யும் ஆயில், ஃபில்டர், பிளக், கூலண்ட் என்று சாதாரண சர்வீஸ் ஏழு வருஷத்துக்கும் சேர்த்து 36,000. இன்சூரன்ஸ் 33,000. மீதியெல்லாம் தேய்மானம். 88,000 கி.மீ.யில் கிளட்ச் செட் மாற்றினேன், கூலியோடு 7,400. ஒரு செட் டயர் 13,600. பேட்டரி இரண்டு தடவை, சேர்த்து 8,500. சஸ்பென்ஷனில் லோயர் ஆர்ம் புஷ், லிங்க் ராடு வகையில் 5,800. பிரேக் பேட், பின் பக்க ஷூ எல்லாம் 5,200. ஒரு வீல் பேரிங் 1,900. ஏசியில் கூலிங் காயில் மாற்றி கேஸ் அடித்தது 9,600. அந்த ஒரு பில்தான் எனக்கு வலித்தது. மீதி 4,000 வைப்பர், பல்பு, புகைச் சான்று போன்ற சில்லறைச் செலவுகள். எஞ்சினை இதுவரை திறக்கவில்லை.

ஆக, கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 76 காசு. மாதத்துக்குப் பார்த்தால் 1,500.

பெட்ரோல் தனி. எனக்கு ஊருக்குள்ளும் வெளியிலும் கலந்து லிட்டருக்கு 16.4 வருகிறது. லிட்டர் 101 ரூபாய் என்றால் கிலோமீட்டருக்கு 6 ரூபாய் 16 காசு. இரண்டையும் சேர்த்தால் 8 ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே. உங்களுக்குப் பெரும்பாலும் நெடுஞ்சாலை ஓட்டம், 17 கிடைக்கும். ஒன்பது நடைக்கு 990 கி.மீ., உள்ளூருக்கு ஒரு 200 வையுங்கள். பெட்ரோல் 7,000 சொச்சம், பராமரிப்பு 2,000 சொச்சம். இப்போது கொடுக்கிற 17,000 இருக்கும் இடத்தில் 9,200 ஆகும். சங்கிலியை ஒன்றரை வருஷத்துக்குள் மீட்டுவிடலாம்.

ஆனால் ஒன்று. வாங்கும் விலையோடு இன்னும் 25,000 கையில் இருக்க வேண்டும். பழைய வண்டி முதல் ஆறு மாதத்தில் தன் பாக்கியையெல்லாம் வசூலித்துவிடும். விற்கப் போகிற வண்டிக்கு யாரும் கூலண்ட் மாற்ற மாட்டார்கள். அந்த 25,000 இல்லாமல் 2.50க்கு வாங்குவதைவிட, அது கையில் இருந்து 2.30க்கு வேறு வண்டி தேடுவது நல்லது.

நீங்கள் சொல்லும் அதிர்வைப் பற்றி: இது 998 சிசி, மூன்று சிலிண்டர் எஞ்சின். நிற்கும்போது கொஞ்சம் நடுங்கத்தான் செய்யும். ஏசி போட்டதும் டேஷ்போர்டே ஆடினால் எஞ்சினைத் தாங்கும் மவுண்டிங் ரப்பர் போயிருக்கும், அது பெரிய செலவில்லை. வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்க இந்த எஞ்சினில் டைமிங் பெல்ட் கிடையாது, செயின். ஆயிலைக் காலத்தில் மாற்றினால் செயின் நம் தலைமுறைக்கு வரும். ஆயில் மாற்றும் நாட்களைத் தள்ளிப்போட்டவரின் வண்டி என்றால் காலையில் முதல் ஸ்டார்ட்டில் முன்பக்கம் கடகடவென்று ஒரு சத்தம் சில விநாடி கேட்கும். அதனால் எஞ்சின் ஆறியிருக்கும்போதே போய் ஸ்டார்ட் செய்யுங்கள். போகும் முன்பே புரோக்கர் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

இன்னொரு விஷயம், அப்பாவுக்காகச் சொல்கிறேன். என் அம்மாவுக்கு முழங்கால் வலி. தாழ்ந்த காரில் உட்காரக் குனிய வேண்டும், எழுந்திரிக்க யாராவது கை கொடுக்க வேண்டும். வேகன்ஆர் உயரமான வண்டி, சீட் இடுப்பு மட்டத்துக்கு வரும். கதவைத் திறந்து அப்படியே திரும்பி உட்கார்ந்துவிடலாம். டயாலிசிஸ் முடிந்து வருகிறவருக்கு மைலேஜைவிட இது பெரிது. வாங்கும் முன் அப்பாவை ஒரு முறை உட்காரவைத்துப் பாருங்கள்.


முத்துநகர் பட்டறை:

அண்ணாச்சி கணக்கு சரியாக இருக்கிறது. நான் தூத்துக்குடியில் 22 வருஷமாகப் பட்டறை வைத்திருப்பவன். தம்பி பதிவில் எனக்கு உறுத்தியது ஒன்றே ஒன்று: டிஎன் 69.

2023 டிசம்பர் 17, 18 மழையை மறந்துவிடாதீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. எங்கள் பக்கத்தில் எத்தனையோ வண்டிகள் டேஷ்போர்டு வரை தண்ணீரில் நின்றன. அதில் பல வண்டிகள் கழுவி, சீட் துணி மாற்றி, வெளியூர்களுக்குப் போயின. தூத்துக்குடி வண்டி எல்லாமே மூழ்கிய வண்டி என்று நான் சொல்லவில்லை. என் சொந்த வண்டியும் டிஎன் 69தான், மேட்டுத் தெருவில் நின்று தப்பித்தது. ஆனால் பார்க்காமல் வாங்காதீர்கள்.

பார்ப்பது எப்படி? முதலில் சீட் பெல்ட். நான்கு பெல்ட்டையும் கடைசி வரை இழுங்கள். வழக்கமாக வெளியே வராத அந்தக் கடைசி ஒரு முழத்தில்தான் சேறு காய்ந்த கோடு இருக்கும். கார் கழுவுகிறவர்கள் அதுவரை இழுத்துத் துடைக்க மாட்டார்கள். அடுத்தது டிக்கி. விரிப்பைத் தூக்கி, ஸ்டெப்னியை எடுத்து, அதன் அடியில் விரலால் தடவுங்கள். மணல் கையில் ஒட்டினால் யோசிக்க வேண்டும். பிறகு முன்சீட்டைப் பின்னால் தள்ளி, சீட் ஓடும் தண்டவாளத்தின் துருவைப் பாருங்கள். மேலே கொஞ்சம் துரு இருப்பது வியர்வை, ஈரச் செருப்பு. போல்ட்டின் பள்ளத்துக்குள் துரு இருந்தால் தண்ணீர் நின்றிருக்கிறது. டேஷ்போர்டுக்குக் கீழே ஃபியூஸ் பாக்ஸைத் திறந்து டார்ச் அடியுங்கள். செம்பு முனைகளில் பச்சை பூத்திருந்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். என்ன விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், மூழ்கிய வண்டி உடனே படுக்காது. எஞ்சினைப் பிரித்து மாட்டினால் ஓடும். வயரிங் மட்டும் ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் கழித்து ஒவ்வோர் இணைப்பாக அரிக்க ஆரம்பிக்கும். இன்று ஸ்டியரிங் லைட் எரியும், நாளை ஃபேன் ஓடாது, ஒரு மத்தியானம் நடுரோட்டில் அப்படியே நிற்கும். உடம்பு முடியாதவரை வைத்துக்கொண்டு அது நடக்கக் கூடாது.

நான்கு டயரும் புதிது என்றாரே, அதையும் கவனியுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் தயாரித்த வாரம், அடுத்த இரண்டு இலக்கம் வருஷம். 2319 என்று இருந்தால் 2019இன் 23ஆவது வாரம், பூ (வரிப்பள்ளம்) எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அது பழைய டயர். கிளட்ச், பிரேக் பெடல் ரப்பரையும் பாருங்கள். 74,000 ஓடிய வண்டிக்கு ஓரம் மழுங்கியிருக்கலாம், நடுவில் வழுவழுவென்று ஆகியிருக்கக் கூடாது. மீட்டர் சொல்வதைவிடப் பெடல் சொல்வதை நான் நம்புவேன்.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் போய்ப் பதிவு எண்ணைக் கொடுத்துக் கேட்டால், எப்போது எத்தனை கிலோமீட்டரில் சர்வீசுக்கு வந்தது என்று தெரிந்துகொள்ளலாம். அதைக் கட்டாயம் செய்யுங்கள்.


நாஞ்சில் டீச்சர்:

நான் 2012 ஐ10, 1.1 எஞ்சின் வைத்திருக்கிறேன். தம்பி வேறு வண்டிகளும் பார்ப்பதாக இருந்தால் இரண்டு வித்தியாசம் தெரிந்திருக்கட்டும்.

ஐ10 நான்கு சிலிண்டர், ஓட்ட மிருதுவாக இருக்கும். ஆனால் 1.1 எஞ்சினில் டைமிங் பெல்ட். அதைக் கணக்காக மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், அறுந்தால் வால்வு வளைந்து எஞ்சினைப் பிரிக்கும்படி ஆகிவிடும். பழைய ஓனர் மாற்றியதற்குப் பில் இல்லையென்றால் வாங்கிய வாரமே மாற்றிவிடுவதுதான் நிம்மதி. 1.2 கப்பா எஞ்சினில் செயின்.

இரண்டாவது இன்சூரன்ஸ். 1000 சிசிக்கு உள்ளே இருந்தால் தேர்ட் பார்ட்டி (நம் வண்டியால் மற்றவருக்கு ஆகும் இழப்புக்கான) பிரீமியம் 2,094. அதைத் தாண்டினால் 3,416. 2022 ஜூனில் வந்த கட்டணம் இது, ஜிஎஸ்டி தனி. என் வண்டி 1086 சிசி. அந்த 86 சிசிக்காக வருஷம் 1,300 ரூபாய் கூடுதலாகக் கட்டுகிறேன். வேகன்ஆர் 998, அந்த வகையில் உங்களுக்கு லாபம்.

மைலேஜ் கணக்கில் எல்லாரும் பழைய எண்ணையே சொல்கிறார்கள். இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். நம் மாதிரிப் பழைய வண்டிகளுக்கு 6 முதல் 7 சதவீதம் வரை மைலேஜ் குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையிலேயே இருக்கிறது. எனக்கு 15.5 கொடுத்த வண்டி இப்போது 14.6 கொடுக்கிறது. ஒரு பழைய வண்டியை வாங்கினால் பெட்ரோல் ஹோஸ்களை ஒரு முறை மெக்கானிக்கைவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ரப்பர் வெடித்திருந்தால் மாற்றிவிடுங்கள், சின்னச் செலவுதான்.

அப்புறம், 2014 எல்எக்ஸ்ஐயில் ஏர்பேக்கும் ஏபிஎஸ்ஸும் (திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) கிடையாது. புதுக் கார்களில் டிரைவர் ஏர்பேக் கட்டாயமானதே 2019 ஜூலையில்தான். வேண்டாம் என்று சொல்லவில்லை. வேகத்தை 70க்குள் வைத்துக்கொள்ளுங்கள், அப்பாவுக்குப் பெல்ட் போடாமல் வண்டியை எடுக்காதீர்கள். அந்தத் தென்காசி–திருநெல்வேலி நான்குவழிச் சாலையில் எதிர்த்திசையில் பைக் வருவதை நானே பார்த்திருக்கிறேன்.


குற்றாலச்சாரல்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ஒன்பது நாள் கழித்து எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குச் சொல்லாமல் போய் நின்றேன். பெல்ட்டை இழுத்தேன், நான்கும் சுத்தம். ஸ்டெப்னி அடியில் மணல் இல்லை. ஃபியூஸ் பாக்ஸ் சுத்தம். ஸ்டார்ட் செய்தபோது சத்தமும் இல்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. ஆனால் கிளட்ச் பெடல் ரப்பரைப் பார்த்தால் நடுவில் வரியே இல்லை, கண்ணாடி மாதிரி இருந்தது.

மறுநாள் சர்வீஸ் சென்டரில் கேட்டேன். 2021 நவம்பரில் கடைசியாக வந்திருக்கிறது. அப்போதே 98,400.

புரோக்கரிடம் கேட்டால், "மீட்டர் போர்டு போச்சு தம்பி, வேற மாட்டினோம், அதுல இருந்த கிலோமீட்டர் அது" என்கிறார். 2.15க்குத் தருகிறேன் என்றும் இறங்கி வந்துவிட்டார். எஞ்சின் நன்றாகத்தான் இருக்கிறது. இந்த விலைக்கு வாங்கலாமா?


கணக்குநோட்டு:

வேண்டாம் தம்பி.

கிலோமீட்டர் அதிகம் ஓடியது குற்றமில்லை. 1,25,000 ஓடிய வண்டி என்று முதலிலேயே சொல்லி 2.15 கேட்டிருந்தால் நானே வாங்கச் சொல்லியிருப்பேன். என் வண்டியும் அந்த வயதில்தான் இருக்கிறது. ஆனால் 2021க்குப் பிறகு எவ்வளவு ஓடியது, ஆயில் மாற்றினார்களா என்று இப்போது யாருக்கும் தெரியாது. மீட்டரில் பொய் சொன்னவர் வேறு எதில் உண்மை சொல்லியிருப்பார்? நாளைக்கு ஆர்சி (பதிவுச் சான்று) மாற்றக் கையெழுத்துக்கு அலையவிட்டால் என்ன செய்வீர்கள்?

புரோக்கர்களை விட்டுவிட்டு, டயாலிசிஸ் போகும் இடத்திலும், அலுவலகத்திலும், தெருவிலும் சொல்லி வையுங்கள். புது வண்டி வாங்கப்போகிற யாராவது ஒருவர் பழையதை வீட்டில் நிறுத்தி வைத்திருப்பார். என் வண்டி அப்படித்தான் கிடைத்தது.

வாங்கும்போது பெயர் மாற்றத்துக்கான 29, 30 இரண்டு படிவத்திலும் விற்பவர் கையெழுத்து, அவர் கடன் வாங்கி வாங்கிய வண்டி என்றால் கடன் தீர்ந்தது என்று பேங்க் கொடுத்த 35ஆம் படிவம், இவை கைக்கு வராமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். வாகனச் செயலியில் நிலுவை அபராதம் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காததற்கான தள்ளுபடி) உங்களுக்கு வராது, வித்தியாசத் தொகையைக் கட்டும்படி இருக்கும்.


குற்றாலச்சாரல்:

அண்ணாச்சி, வண்டி வாங்கிவிட்டேன்.

இலஞ்சியில் ஓய்வுபெற்ற ஒரு தபால் ஊழியர். எங்கள் அலுவலகத்தில் வேலை செய்யும் அக்காவுக்குச் சொந்தம். 2015 வேகன்ஆர், ஒரே ஓனர், 58,000 கி.மீ. சர்வீஸ் சென்டர் கணக்கும் மீட்டரும் ஒத்துப்போகின்றன. 2.70 சொன்னார், அப்பா விஷயத்தைக் கேட்டுவிட்டு 2.55க்குக் கொடுத்தார். பில்களையெல்லாம் தேதி வாரியாக ஒரு ஃபைலில் தைத்து வைத்திருந்தார். நீங்கள் நோட்டு என்று சொன்னபோது நினைத்தது மாதிரியே இருந்தது அது. 2030இல் பதினைந்து வருஷம் முடிகிறது, ஆர்சி புதுப்பிக்க 5,000 கட்டணம், பசுமை வரி தனி என்று அவரே எழுதிக் கொடுத்தார். ஒன்றையும் மறைக்கவில்லை, பின் பம்பரில் தென்னை மட்டை விழுந்த தழும்பு வரை காட்டினார்.

நீங்கள் சொன்ன மாதிரி 25,000 தனியாக வைத்திருந்தேன். இதுவரை அதில் 11,300 போயிருக்கிறது: முழு சர்வீஸ், கூலண்ட், பேட்டரி, ஒரு பெட்ரோல் ஹோஸ். பட்டறை அண்ணாச்சி சொன்ன நாலு இலக்கத்தைப் பார்த்தால் டயர் 2020ஆம் வருஷத்தது, தீபாவளிக்குப் பிறகு மாற்ற வேண்டும்.

முதல் மாதக் கணக்கு: 1,140 கி.மீ., 66 லிட்டர். லிட்டருக்கு 17.2 வருகிறது. பெட்ரோல் 6,700 ரூபாய்க்குள் முடிந்தது.

நேற்று டயாலிசிஸ் முடிந்து வரும்போது முன்சீட்டைக் கொஞ்சம் சாய்த்துவிட்டேன். சீதபற்பநல்லூர் தாண்டும்போது தூங்க ஆரம்பித்தவர், வீட்டு வாசலில் நிறுத்தியபோதுதான் கண் திறந்தார். "வந்தாச்சா?" என்று கேட்டார். அம்மா கதவைத் திறந்ததும் யார் கையையும் பிடிக்காமல் இறங்கி உள்ளே போனார்.

ஒரு சந்தேகம். அடுத்த ஆயில் சர்வீசை 10,000 வரை விடலாமா, 5,000லேயே செய்துவிட வேண்டுமா? மாதம் 1,100 ஓடுகிறது.


முத்துநகர் பட்டறை:

முதல் தடவை 5,000லேயே செய்துவிடுங்கள் தம்பி, வடியும் ஆயிலைப் பார்த்தால் எஞ்சின் உள்ளே எப்படி இருக்கிறது என்று தெரிந்துவிடும். அதன் பிறகு புத்தகத்தில் சொன்னபடி போகலாம். தூத்துக்குடிப் பக்கம் வந்தால் பட்டறைக்கு வாருங்கள், டயருக்கு நானே ஆள் சொல்லிவிடுகிறேன்.